சமையலறையில் பெய்த மழை

ஜூன் 3

சிட்டுவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உங்கள் நலத்தைத்தான் வாரம் ஆறு நாள் ஏழரை மணிக்கு டிவியில் பார்க்கிறேனே. இளைத்திருக்கிறீர்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக இருக்கிறது. மேக்கப்காரரிடம் கழுத்துக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

ஒன்பது வருஷமாக எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன செவ்வாய்க்கிழமை நீதிபதியாக சோபாவில் உட்கார்ந்துகொண்டு, கோபித்துக்கொண்டு வெளியே போகிற மகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? கதையில் அவளுக்கு வேறு பெயர். நூற்றுப் பதினாலு எபிசோடாக அந்தப் பெயரைத்தான் சொன்னீர்கள். அன்றைக்கு மட்டும், "சிட்டு, நில்லும்மா" என்றீர்கள்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். முப்பத்துநாலு வயசுக்காரி, ஒரு பிள்ளைக்குத் தாய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

அது நம் வீட்டுக்குள் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில்கூடக் கொடுக்கவில்லை. என் அப்பாவின் இருமலை எடுத்து அந்தக் கெட்ட மாமன் வேஷத்துக்குக் கொடுத்தீர்கள், நான் கேட்கவில்லை. உங்கள் அம்மா செருப்பைத் தேடுகிற விதத்தை அந்தக் குருடன் வேஷத்துக்குக் கொடுத்தீர்கள், அதையும் கேட்கவில்லை. (குருடனாக இருந்தபோது இரண்டு இடத்தில் கண்ணைச் சிமிட்டினீர்கள். அதையும் சொல்லவில்லை.) மிச்சம் இருந்தது இந்த ஒரு பெயர்.

விருது வாங்கின அன்றைக்கு மேடையில் ஏழு பேருக்கு நன்றி சொன்னீர்கள். தயாரிப்பாளர், இயக்குநர், கதை எழுதுகிறவர், கேமராக்காரர், விக் வைக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், ரசிகர்கள். ரசிகர்களை ஒரு ஆளாகத்தான் எண்ணியிருக்கிறேன். அப்போதுதான் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பத்து நாள் கூட இருக்கலாம் என்று இங்கே அவள் வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த ஏழு பேரைக் கேட்டபிறகு திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்களும் கேட்கவில்லை.

போன் செய்ய வேண்டாம். போனில் உங்களுக்குக் குரல் இருக்கிறது. குரல் இருந்தால் நடித்துவிடுவீர்கள். எழுத்தில் உங்களுக்கு நடிக்க வராது. எழுதுங்கள்.

சிட்டுவின் அம்மா

ஜூன் 11

டேப்புக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் முறைத்துக்கொண்டு.

உன்னை டேப்பு என்று கூப்பிட ஆரம்பித்த நாள் நினைவிருக்கிறதா? உன்னிடம் போய்க் கேட்கிறேன் பார். முப்பது பக்க வசனத்தை ஒருமுறை படித்துக் காட்டினால் டேப் ரெக்கார்டர் மாதிரித் திருப்பிச் சொல்வாய். நான் மூன்று நாள் மென்று முழுங்குவதை நீ காய் நறுக்கிக்கொண்டே முடித்துவிடுவாய்.

இங்கே எல்லாம் சௌக்கியம். ஸ்டூடியோவுக்குப் பின்தெருவில் மாடி அறை. ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டி. வேலைக்குக் குறைவில்லை. இந்த நீதிபதிக்கு நான் மூன்றாவது ஆள். முதல் ஆள் சினிமாவுக்குப் போனார். இரண்டாவது ஆளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. திரையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடுமே, அந்த எழுத்துக்குப் பக்கத்தில் என் முகம் வந்தது இது ஆறாவது தடவை. இரண்டு வாரத்தில் ஜனங்கள் பழைய ஆளை மறந்துவிடுவார்கள். அதுதான் என் திறமை என்கிறார்கள். கடையில் என்னைப் பார்த்து, "உங்களை எங்கேயோ பாத்திருக்கேன், நீங்க பேங்க்ல இருந்தீங்களா?" என்று கேட்கிறார்கள்.

பெயர் விஷயம். சத்தியமாக நான் அதைச் சொன்னதே எனக்குத் தெரியாது. டேக் முடிந்ததும் டைரக்டர், "ரொம்ப இயல்பா இருக்கு சார், வெச்சுக்கலாம்" என்றார். எது இயல்பாக இருந்தது என்று கேட்க வெட்கமாக இருந்தது. சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன்.

கோபப்படு. ஆனால் நான் ஒன்றும் அவ்வளவு கெட்ட தகப்பன் இல்லையே, டேப்பு. சிட்டு பிறந்த அன்று என்ன மழை. பஸ் நின்றுவிட்டது என்று பாதித் தூரம் ஓடியே வந்தேன். குடையும் இல்லை. வார்டுக்குள் நுழைந்து அப்படியே குழந்தையைத் தூக்கினேன். என் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் நெற்றியில் விழுந்தது. அது முகத்தைச் சுளித்தது. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். இத்தனை வேஷம் போட்டு என்ன கிடைத்தது என்று யோசிக்கும்போது அந்தச் சொட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன்
(இப்படிப் போடலாமா என்று தெரியவில்லை)

ஜூன் 15

சிட்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை கிழித்துப் போடலாம் என்று எடுத்து, கிழிக்கவில்லை. ஆதாரமாக இருக்கட்டும்.

எழுத்தில் நடிக்க வராது என்று நினைத்தது என் தப்பு.

நீங்கள் எழுதியிருப்பது உங்களுடைய முதல் சீரியலில் வந்தது. அப்போது வாரம் ஒருநாள்தான் போடுவார்கள். ஒன்பதாவது வாரம். மழை, ஓடி வந்தது, குடை இல்லாதது, குழந்தை நெற்றியில் சொட்டு, எல்லாம் அதில்தான். அந்தக் குழந்தை லைட் பிடிக்கிறவர் வீட்டுக் குழந்தை. கட்டிலில் படுத்திருந்தது பச்சைச் சேலை கட்டின அந்த நடிகை. நான் இல்லை.

நான் எங்கே இருந்தேன் என்று கேளுங்கள். நீங்கள் அந்தக் காட்சியை நடித்த அதே நாள், அதே நேரம், அரசாங்க ஆஸ்பத்திரியில், ஜன்னல் கண்ணாடி உடைந்த அறையில், என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மழை இல்லை. வெயில் கொளுத்தியது. வியாழக்கிழமை. கதவு திறக்கும்போதெல்லாம் நீங்கள்தான் என்று பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரி, "உங்க வீட்டுக்காரர் வெளியூரா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

நீங்கள் வந்தது பதினோராவது நாள். வேஷத்துக்கு வளர்த்த தாடியோடு நேரே வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். என் அம்மாவுக்குக் கண் மங்கல். கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கு அது பாராட்டாக இருந்தது.

நாற்பதாம் நாள் எதிர்வீட்டு டிவியில் அந்த மழையைப் பார்த்தேன். மடியில் குழந்தை. தெருவே பார்த்தது. எல்லாரும் என்னைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்றார்கள்.

உங்களிடம் இந்த முப்பத்துநாலு வருஷமாக ஒன்றே ஒன்றுதான் எதிர்பார்த்தேன். அன்று வரவில்லை, தப்பு, என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதில் சீன் பேப்பரை அனுப்புகிறீர்கள். நடந்ததை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம்.

சிட்டுவின் அம்மா

ஜூன் 24

டேப்பு,

நாலு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

நீ சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். நீ தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எனக்கு அந்த ஆஸ்பத்திரி மருந்து வாசனைகூட வருகிறது. குழந்தையின் எடை கையில் இருக்கிறது. அது லைட்மேன் வீட்டுக் குழந்தை என்கிறாய். சரி.

உன்னிடம் நடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் நாலு நாள்.

ஒரு வருஷமாக வசனம் நிற்பதில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு அம்மாளைப் போட்டிருக்கிறார்கள். அவள் சொல்ல, நான் சொல்ல, பிறகு டப்பிங்கில் ஒட்டிக்கொள்கிறார்கள். அது பரவாயில்லை, நிறையப் பேர் அப்படித்தான். இது வேறு.

ஏப்ரலில் ஒருநாள் மத்தியானமே ஷூட்டிங் முடிந்து வீட்டுக்குப் போனேன். மணி அடித்தேன். யாரோ ஒரு அம்மா திறந்தார். நான் உள்ளே போய் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "திரையை ஏன் மாத்தினீங்க, எனக்கு இந்த நிறம் பிடிக்காதே" என்று கேட்டேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன். உன்னை எங்கே காணோம் என்று கேட்டேன். அவர், "சார், இது உங்க வீடு இல்ல. இங்க நீங்க ரெண்டு வருஷம் ஷூட்டிங் பண்ணீங்க" என்றார். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு சீரியல் எடுத்த பங்களா அது. நல்ல அம்மா. ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். எந்தத் தெரு என்று ஆட்டோக்காரரிடம் சொல்லத் தெரியாமல் ஸ்டூடியோ பெயரைச் சொன்னேன்.

டாக்டரைப் பார்த்தேன். தலையைப் படம் எடுத்தார்கள். மறதி இனி மெதுவாகக் கூடும், குறையாது என்றார். டாக்டராக நாலு சீரியலில் நானே அந்த வரியைச் சொல்லியிருக்கிறேன். அவரைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறேன்.

சில காலையில் எழுந்ததும் பயமாக இருக்கிறது. எனக்கு ஒரு தம்பி, அவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று மனசு எரிகிறது. எனக்குத் தம்பி உண்டா, டேப்பு? நான் யாரையாவது கொலை செய்தேனா? சிரிக்காதே. யாரிடம் கேட்பேன்?

எல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது. எது என்னுடையது, எது சீன் என்று எழுதி அனுப்பு. திட்டியே எழுது. அது போதும்.

ஜூலை 2

சிட்டுவின் அப்பாவுக்கு,

உங்களுக்குத் தம்பி இல்லை. கூடப் பிறந்தது ஒரே அக்கா, அவளும் போய்ப் பதினாறு வருஷம். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. யாரையும் கொலை செய்யவில்லை. ஜெயிலுக்குப் போகவில்லை. உங்களுக்கு இரட்டைப் பிறவி கிடையாது. இதை முதலில் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுங்கள். காலையில் எழுந்ததும் அதைப் படியுங்கள், பிறகு பல் தேய்க்கலாம்.

இடது முழங்காலில் இருக்கிற தழும்பு சண்டைக் காட்சியில் பட்டது இல்லை. பெண் பார்க்க வந்த அன்று என் அப்பாவின் சைக்கிளை ஓட்டிக் காட்டுகிறேன் என்று விழுந்தீர்கள். அது உங்களுடையது. சைக்கிளின் மணி உடைந்தது. அதை நீங்கள் ரிப்பேர் செய்து தரவே இல்லை.

உங்கள் அம்மா சாகும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். சந்தேகம் வந்தால் இதைப் படியுங்கள். அன்று பெரிய வேஷம் ஒன்றை விட்டுவிட்டு வந்தீர்கள். கடைசி வாய்த் தண்ணீர் உங்கள் கையால். அதற்குப் பிறகு நாலு சீரியலில் நாலு அம்மாக்களுக்கு அழுதீர்கள். அவை எல்லாம் அந்த ஒரு அழுகையின் நகல். எனக்குத் தெரியும்.

பெரிய வீடு எதுவும் உங்களுடையது இல்லை. மாடிப்படி வளைந்து இறங்குமே, அது செட். நம் வீட்டுக்கு மாடியே இல்லை. இரண்டு அறை, சமையலறையில் ஒரு பலகை. அதில் உட்கார்ந்துதான் வசனம் படிப்பீர்கள். நான் வேலை செய்துகொண்டே எதிர்வசனம் சொல்வேன். உங்கள் மனைவிகளாக யார் யாரோ நடித்தார்கள். எண்ணினால் பத்தொன்பது பேர் வருகிறது. அத்தனை பேருக்கும் முன்னால் அந்த வேஷத்தை நான்தான் நடித்தேன், கையில் கரண்டியோடு. உங்கள் அம்மாவாக, வில்லியாக, போலீசாகக்கூட. போலீசாக நான் நன்றாகச் செய்தேன் என்று சொன்னீர்கள்.

மகள் கல்யாணத்துக்கு வந்தீர்கள். அரை மணி நேரம். அதுவும் நிஜம்தான். வந்தவர்கள் எல்லாம் உங்களோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்யாண ஆல்பத்தில் மகளைவிட உங்கள் முகம் அதிகம்.

மழை உங்களுடையது இல்லை. அதை முன்னாலேயே எழுதிவிட்டேன்.

சாப்பிட்டதும் மாத்திரை போடுங்கள். போட்ட பிறகு காலி இடம் தெரிகிற மாதிரி அட்டையைக் கட்டிலில் வையுங்கள், மறுபடி போட்டுவிடாமல் இருக்க.

சிட்டுவின் அம்மா

ஜூலை 12

டேப்பு,

உன் கடிதம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. முகத்தைப் பார்க்க இடம் இல்லை. அது நல்லதாகத்தான் போயிற்று.

வேலை முடிந்துவிட்டது. என்னை ஒரு கார் விபத்தில் கொன்று சுவரில் படமாக மாட்டிவிடலாம் என்றார் கதை எழுதுகிறவர். நீதிபதி இன்னும் தீர்ப்பே சொல்லவில்லையே என்றார் தயாரிப்பாளர். அதனால் வேறு ஆள். நேற்று டீக்கடையில் நின்று பார்த்தேன். எழுத்து ஓடியது. 'இவருக்குப் பதில் இவர்'. இந்தத் தடவை 'இவருக்கு' என்ற இடத்தில் என் முகம். நல்ல நடிகர். கடைக்காரரிடம், "புது ஆள் பரவால்லையே" என்றேன். அவர், "பழைய ஆள் யாருங்க? ஞாபகம் வரல" என்றார்.

நடந்ததை எழுதச் சொன்னாய். சிட்டு பிறந்தபோது நான் வரவில்லை. பதினோரு நாள் வரவில்லை. இது எனக்கு நினைவில்லை. நீ சொல்லித்தான் தெரியும். நினைவில்லாத தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எந்த வசனத்திலும் வந்ததில்லை. அதனால் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன், பார். நீ கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாய் என்று எழுதியிருந்தாய். அது தப்பு. என் தப்பு.

ஒன்று கேட்கிறேன். மற்றதை எல்லாம் எடுத்துக்கொள். மாடிப்படி, தம்பி, விருது, எல்லாம். அந்த மழையை மட்டும் விட்டுவிடேன். அது என்னுடையது இல்லை என்று கண்ணாடியில் தினமும் படிக்கிறேன். படித்துவிட்டுத் திரும்பினால் தலை ஈரமாக இருக்கிற மாதிரி இருக்கிறது. அது போய்விட்டால் உள்ளே வேறு ஆள் இல்லை.

உன்

ஜூலை 17

உங்களுக்கு,

அடித்தல் திருத்தல் உள்ள கடிதம் கிடைத்தது. பதினாலு இடத்தில் அடித்திருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தை முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு கிடைத்தது. மகளிடம் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவள் குழாயைத் திறக்கவில்லை.

நான் ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை, மறைத்தேன். என்னைத் தெரியாதா?

சிட்டு பிறந்த வாரம், ஷூட்டிங் போவதற்கு முன்னால், திங்கட்கிழமை சாயங்காலம், அந்த ஆஸ்பத்திரிக் காட்சியை நம் சமையலறையில் வைத்துத்தான் ஒத்திகை பார்த்தீர்கள். எனக்கு நிறைமாதம். குனிய முடியாது. பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், அதுதான் கட்டில். தலையணையைத் துணியில் சுற்றிக் குழந்தையாக என் பக்கத்தில் வைத்தீர்கள். எவ்வளவு செய்தும் உங்களுக்குத் திருப்தி வரவில்லை. "நனையாம எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டு, பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாசல் வரைக்கும் போய் ஓடி வந்தீர்கள். தலையணையைத் தூக்கினீர்கள். அந்தச் சொட்டு தலையணையில் விழவில்லை. என் வயிற்றில் விழுந்தது. உள்ளே அவள் உதைத்தாள். நீங்கள் கையை வைத்துப் பார்த்தீர்கள். வசனத்தை மறந்துவிட்டீர்கள். நான் எடுத்துக் கொடுத்தேன், நீங்கள் சொல்லவில்லை, கையையும் எடுக்கவில்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நாற்பதாம் நாள் டிவியில் அந்த நடிகையும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். வராமல் போனதற்கு மட்டும்தான் கோபம் என்று இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து நான் சிரிக்கும்போது கையைக் கீழே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆகவே கண்ணாடியில் இருக்கிற அந்த வரியைக் கிழித்துவிடுங்கள். அது ஒன்றில் டேப்பு தப்பாகச் சொல்லிவிட்டது. மழை உங்களுடையதுதான். தலையைத் துவட்டச் சொன்னேன், துவட்டாமல் போய் மூன்று நாள் தும்மினீர்கள். அதையும் சேர்த்து எழுதி ஒட்டுங்கள்.

மகள் உங்களுக்காக ஒரு அறையை ஒழித்து வைத்துவிட்டாள். உங்களைத் தனியாகப் பஸ் ஏற்றிவிட்டால் வேறு யார் வீட்டிலாவது போய்த் திரையைக் குறை சொல்வீர்கள். வியாழக்கிழமை நானே வருகிறேன். பதினோரு மணிக்கு உங்கள் மாடிப்படியில் இருப்பேன். இரண்டு சட்டை, மாத்திரை, கண்ணாடியில் ஒட்டின தாள்கள், இவ்வளவும் எடுத்து வைத்தால் போதும். விருது கனம், அதை நான் தூக்க மாட்டேன்.

கதவைத் திறந்து என்னைப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்று நீங்கள் கேட்டாலும் கேட்பீர்கள். கோபம் வராது என்று சொல்ல மாட்டேன். வரும். ஆனால் பதில் சொல்வேன்.

டேப்பு